வெள்ளிக்கிழமைப் புள்ளிகள்

— கேளுங்கோ ஜபார் தம்பி. வன்னியிலயிருந்து இவர்ர அடுத்த போன் கோல் எந்த நாள் வரும் எண்டு அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ.

— பூமணி அக்கா, முதல்ல இந்தக் கதிரையில இருங்க. உடப்பிலயிருந்து மதுரங்குளி வரைக்கும் பஸ்ஸில நிண்டுகொண்டுதானே வந்திருப்பீங்க.

— இருந்தாலும் நிண்டாலும் ஒண்டுதான். கேளுங்கோ.

— கேட்டாச்சு. நீங்க வர முந்தியே கேட்டுட்டன்.

— என்ன சொல்லுது?

— வெள்ளிக்கிழமை எண்டுது.

— நாளண்டைக்கோ?

— ஓம். நாளண்டைக்கு, பகல், ஜும்மா நேரம். நூத்துக்கு நூறு எண்டு போட்டிருக்கு.

— நூத்துக்கு நூறெண்டா நல்லதுதானே. பிறகேன் முகத்தை அப்பிடி வைச்சிருக்கிறீங்க?

— இது எனக்கு ஒரு நாளும் நூத்துக்கு நூறு சொன்னதில்லை அக்கா. நாளைக்குக் கொழும்புப் பங்குச் சந்தை ஏறுமா இறங்குமா எண்டு கேட்டா, அறுபது எண்டும். நல்லாத் தெரிஞ்ச நாளில அறுபத்தஞ்சு. அதுக்கு மேல போகவே போகாது. வாழ்க்கையில முதல் தரமா நேற்றுத்தான் நூறு எண்டு சொல்லிச்சு. அதுவும் உங்கட கோலுக்கு.

— அது என்ன மாதிரிச் சொல்லுதெண்டு எனக்கு ஒருக்காலும் விளங்கினதில்லை.

— செயற்கை மூளை எண்டு சொல்லுவாங்க. கொழும்பில என்னோட படிச்ச பதியுதீன் ஒரு சீடீயில போட்டுத் தந்தது. பங்கு விலை ஏறி இறங்கின பழைய கோடுகளை எல்லாம் இதுக்குக் காட்டுவம். கடைசித் துண்டை மறைச்சு வைச்சிட்டு, இனி எங்க போகும் எண்டு கேப்பம். பிழையாச் சொன்னா, பிழை எண்டுவம். தன்னைத்தானே திருத்திக்கொண்டு திரும்பவும் சொல்லும். இப்பிடி ஆயிரம் தரம், பத்தாயிரம் தரம். போகப் போகக் கொஞ்சம் கண் தெரியத் தொடங்கும். விளங்குதா?

— வேலை வெட்டி இல்லாத சாமான் எண்டு சொல்லுங்கோ.

— சரியாச் சொன்னீங்க பூமணி அக்கா! இவர் என்னையக் கட்டினாரா, இந்தப் பெட்டியக் கட்டினாரா எண்டு எங்கட வாப்பாக்கே இப்ப சந்தேகம்.

— பளீலா, நீ பிளேன்டீயை ஊத்து புள்ள. நாங்க ஒரு விசயம் கதைச்சுக்கொண்டிருக்கிறம்.

— கடைக்கும் குசினிக்கும் நடுவில ஒரு திரைத் துணிதானே இரிக்கி. காதக் கழட்டியா வெக்கிற? அக்கா, கேளுங்களே, பள்ளி மௌலவியிட்டப் போய் இது ஹலாலா ஹராமா எண்டு கேட்டிட்டு வாங்க எண்டு நான் சொல்லிச் சொல்லி வாய் நோகுது. இவர் போறதே இல்ல.

— கேட்டா ஹராம் எண்டிடுவார். அதாலதான் கேக்கேல்லை.

— பாருங்க, எப்பிடிச் சொல்றாரெண்டு! அக்கா, சோறு தின்னுங்க. கீரி மீன் ஆணம் ஆக்கி இரிக்கி.

— வேண்டாம் தங்கச்சி. விரதம்.

— சிவராத்திரி கழிஞ்சு போச்சே, இன்னமும் விரதமா? போன கிழமையும் விரதம் எண்டீங்க. அதுக்கு முந்தியும் எண்டீங்க. உடப்பு ஆளு மீனத் தொடாம இரிக்கிறத நான் உங்களிலதான் பாக்கன்.

— கோயில் நேத்தி ஒண்டு வைச்சிருக்கிறன். பிளேன்டீ மட்டும் போதும்.

— அப்ப இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டாறன்.

— அக்கா, இந்தத் திரையைப் பாருங்க. மேல நெளிஞ்சு நெளிஞ்சு போறது பங்குச் சந்தை. கீழ வரிசை வரிசையாப் புள்ளி இருக்குதே, அது கோல்.

— எங்கட கோலோ?

— ஓம். வன்னியிலயிருந்து இந்தக் கடைப் போனுக்கு வந்த கோல் எல்லாம். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. தங்கட தங்கட போனுக்கு எடுத்தா பொலிஸ்காரங்க விசாரிக்க வருவாங்க எண்ட பயத்தில எல்லாரும் என்ர நம்பரைத்தானே குடுத்து வைச்சிருக்கிறீங்க.

— கோல் வந்த உடனே "வந்ததா?" எண்டு கேட்டிட்டு ஒரு விசையைத் தட்டுவீங்களே. அது இதுக்கோ?

— இதுக்குத்தான். வெறும் விலையை மட்டும் காட்டினா மெசின் தடுமாறுது. சண்டை நடக்கிற நாட்டில விலை தன்ரபாட்டிலயா ஏறுது? அதால கோலையும் காட்டினன். அங்கயிருந்து கோல் வராட்டி, அங்க பெரிய அடி நடக்குது. பெரிய அடி எண்டா ரெண்டு மூண்டு நாளில ஓர் ஊர் ஆமியிட்டப் பிடிபடும். ஊர் பிடிபட்டா இஞ்ச பங்கு ஏறும். இதை நான் சொல்லிக் குடுக்கேல்லை அக்கா. அதுவாத்தான் பிடிச்சது.

— அப்ப எங்கட ஆக்கள் கதைக்காமல் விட்டா உங்களுக்கு லாபம்.

— ஓம். மறைக்க என்ன இருக்கு.

— கோவத்தில சொல்லேல்லை தம்பி. எனக்கு இப்ப கோவமெல்லாம் வாறேல்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டன். இந்த இடத்தில படி மாதிரி ஏறுதே, இது என்ன?

— அது கிளிநொச்சி.

— இது?

— ஆனையிறவு.

— இந்தப் பெரிய படி?

— முல்லைத்தீவு. எங்கட ஊர்.

— பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரிச் சொல்றீங்க.

— வேற எப்பிடிச் சொல்றது? தொண்ணூறாம் ஆண்டு, பன்னிரண்டு வயசு எனக்கு. முஸ்லிம் ஆக்கள் உடுத்த உடுப்போட வெளியில போகச் சொல்லி இயக்கம் எங்களை அனுப்பின ஊர். உம்மா கடைசி வரைக்கும் வீட்டுப் பூட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில முடிஞ்சு வைச்சிருந்தா. அந்த ஊர் பிடிபடப்போகுதெண்டு மெசின் முந்தியே சொல்லிட்டுது. சொன்ன மாதிரியே கோடு ஏறினது. எனக்குச் சந்தோசம் வருமா, அழுகை வருமா எண்டு நானே பாத்துக்கொண்டு இருந்தன். ஒண்டும் வரேல்லை அக்கா. கடையைப் பூட்டிட்டுப் போய்ப் படுத்தன்.

— நித்திரை வந்ததோ?

— நல்லா வந்தது.

— எனக்கும் நல்லா வருது. அதைத்தான் யோசிக்கிறன். சரி, அதை விடுங்கோ. வெள்ளிக்கிழமை வேண்டாம் தம்பி. வேற நாள் ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ.

— வேற நாளோ? கோல் வாற நாளை நாங்களா தீர்மானிக்கிறது?

— வெள்ளிக்கிழமை செல்லாச்சி வரப்போறா.

— ஓம், நேத்து வந்தாங்களே! இந்தாங்க அக்கா, சுடச்சுடக் குடிங்க. செல்லாச்சி அக்கா நேத்து இதே கதிரையிலதான் இருந்தாங்க. வெள்ளிக்கிழம விடியவே வந்து போனுக்குப் பக்கத்தில குந்தப் போறாங்களாம். மகன்ட குரல ஒரு சொட்டுக் கேக்கணுமாம். என்ட கையப் புடிச்சுக்கொண்டு விடுறாங்களே இல்ல. மெலிஞ்சு எலும்பும் தோலுமா இரிக்காங்க.

— கோல் வந்த நாளிலதான் அவ சோறு தின்னுறா தங்கச்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் போய், "தேவன் சுகமா இருக்கிறானாம், இவரோடதான் நிக்கிறானாம்" எண்டு சொன்னாத்தான் உலை வைப்பா. மற்ற நாளில தேத்தண்ணியும் பாண் துண்டும்தான். வெள்ளி சமைச்சதைச் சனி, ஞாயிறு வரைக்கும் வைச்சுத் தின்னுவா.

— தேவன் எண்டது உங்கட புருசன் கதிரவேலு நானா தன்ட கரவலைத் தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போன பொடியன்தானே?

— ஓம். செல்லாச்சிக்கு ஒரே மகன். கலியாணம் பேசி முடிச்சிருந்தது. நாலு மாசத் தொழில், முல்லைத்தீவில மீன் நல்லாப் படுது, கச்சான் காத்து முடிய வந்திடுவம் எண்டு இவர்தான் வாக்குக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போனவர். போன கையோட பாதையைப் பூட்டிட்டாங்கள். மூண்டு வருசமாகப்போகுது.

— யா அல்லாஹ். அந்தத் தாய் பாவம்.

— பளீலா, பிள்ளை ஸ்கூல் விட்டு வாற நேரம். போய்க் கூட்டிக்கொண்டு வா.

— இன்னும் நேரம் இரிக்கி.

— போ புள்ள.

— ஓ, விளங்குது. எனக்குக் கேக்கேலாத கதை. போறன், போறன். அக்கா, நான் வாற வரைக்கும் இரிங்க.

— ஏன் தம்பி அவவை அனுப்பினீங்க?

— ஒண்டு கேக்கவேணும். கோவிக்க மாட்டீங்கதானே.

— கோவம் வாறேல்லை எண்டு சொன்னன்தானே.

— நேற்றுச் செல்லாச்சி அக்கா எத்தனை மணிக்கு வரட்டும் எண்டு கேட்டா. அதாலதான் அவவுக்கு முன்னால முதல் தரமா கோல் வாற நாளை மெசினிட்டக் கேட்டன். அதுவரைக்கும் நான் இதிட்டக் கேட்டதெல்லாம் பங்கைப் பற்றித்தான். நூறு எண்டு சொன்ன பிறகுதான் ஒவ்வொரு வரிசையா எடுத்துப் பாத்தன். இது சின்னாச்சி வீட்டு வரிசை. பாருங்க, எல்லாம் தாறுமாறு. ஒரு கிழமையில ரெண்டு, பிறகு ஒரு மாசம் ஒண்டுமே இல்லை. இது சூசைப்பிள்ளையிட வரிசை. அதுவும் அப்பிடித்தான். மேல கோடு ஏறேக்க கீழ எல்லார்ர புள்ளியும் நிண்டு போகுது. மார்கழியோட எல்லாம் வறண்டு போச்சு.

— ஓம்.

— இது உங்கட வரிசை. தை மாசம் வரைக்கும் மற்றாக்களைப் போலத் தாறுமாறுதான். அதுக்குப் பிறகு பாருங்க. வெள்ளி. அடுத்த வெள்ளி. அதுக்கடுத்த வெள்ளி. ஒண்டும் தவறேல்லை. அங்க சனம் பங்கருக்குள்ள தலை தூக்கேலாமல் கிடக்குது. கதிரவேலு அண்ணனுக்கு மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் போன் கிடைக்குது. அதுவும் நான் ஜும்மாவுக்குப் பள்ளிக்குப் போற நேரமாப் பாத்து.

— நீங்கதானே போகேக்க, "அக்கா, கடையைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க" எண்டு சொல்லிட்டுப் போறனீங்க.

— ஓம். நீங்க கருவாடு வித்து முடிச்சு வாற நேரம் அது. பளீலாவும் அந்த நேரம் பிள்ளையைக் கூட்டப் போயிடுவா. கடையில நீங்களும் போனும் மட்டும். நான் தொழுதிட்டு வருவன். "வந்தது தம்பி" எண்டுவீங்க. நான் புள்ளி போடுவன். ஒரு நாளும் எனக்கு ஐமிச்சம் வரேல்லை.

— இது கண்டுபிடிச்சிட்டுது.

— இது ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை அக்கா. இதுக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. இந்த வரிசை மாறாது எண்டு மட்டும்தான் சொல்லிச்சு. மாறாத கோடு சந்தையிலயும் இல்லை, சண்டையிலயும் இல்லை. மிச்சத்தை நான்தான் யோசிச்சன்.

— வலை இழுத்த நாளெல்லாம் ஒரே அளவு மீன் பட்டதெண்டு சொன்னா, எங்கட ஊரில பச்சைப் பிள்ளையும் நம்பாது. நான் இதை யோசிக்காமல் விட்டிட்டன்.

— அப்ப மெய்தானா?

— ஓம்.

— எல்லா வெள்ளியுமா?

— எல்லா வெள்ளியும்தான். போன் அடிக்கேல்லை. நான் இந்தக் கதிரையில இருந்து அதைப் பாத்துக்கொண்டு இருப்பன். பள்ளி ஸ்பீக்கரில மௌலவியிட பயான் பேச்சு கேக்கும். அது முடியிற நேரத்துக்குள்ள செல்லாச்சிக்கு என்ன சொல்றதெண்டு யோசிச்சு வைச்சிடுவன். தேவனுக்குக் காய்ச்சல் மாறிட்டுதாம். தேவன் தாடி வளக்கிறானாம். அதுக்கு அவ சிரிச்சா தம்பி. "சவரம் எடுக்கச் சொல்லு, பொம்பிளை வீட்டார் பயப்பிடப் போகினம்" எண்டு சொன்னா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அடுத்த கிழமை சொல்றன் எண்டன். அடுத்த கிழமை, "எடுத்திட்டானாம்" எண்டன்.

— அழுறதில்லையா அக்கா நீங்க?

— வாறேல்லை. வெங்காயம் உரிச்சாலும் வாறேல்லை. கண் காய்ஞ்சு கிடக்குது.

— ஏன் செய்தீங்க எண்டு நான் கேக்க மாட்டன். எனக்கு விளங்குது. கோல் நிண்டு போச்செண்டு தெரிஞ்சா ஊர்ச்சனம் உங்கட நெத்தியைத்தான் பாக்கும். பொட்டு இருக்கோ, தாலி இருக்கோ எண்டு. நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்.

— சனம் பாத்தாப் பாக்கட்டும்.

— கோல் வராட்டி ஆள் இல்லை எண்டு அர்த்தமில்லை அக்கா. போன் வைச்சிருந்த ஆக்களே அங்க இடம் மாறி இடம் மாறி ஓடிக்கொண்டு இருக்கிறாங்க. அண்ணன் ஹயாத்தோடதான், உசிரோடதான் இருப்பார். அந்தத் தைமாசக் கோல் எங்கட கையில இருக்குதே. அது மெய்தானே?

— எந்தக் கோல்?

— முல்லைத்தீவு பிடிபட்ட கிழமை. நீங்க ஒவ்வொரு நாளும் வந்து இஞ்ச காத்துக்கொண்டு இருந்தீங்க. செவ்வாய்க்கிழமை வந்தது. நான்தான் எடுத்தன். அண்ணன்ர குரல் கரகரத்துக் கிடந்தது. தடிமனாக்கும் எண்டு நினைச்சன். எப்பவும் "வீட்டுக்காறி வந்து நிக்கிறாவோ?" எண்டுதான் கேப்பார். அண்டைக்கு மட்டும் "பூமணி எண்டவ இருக்கிறாவோ?" எண்டு பேர் சொல்லிக் கேட்டார். அவசரத்தில கேக்கிறார் எண்டு நான் உடனே உங்கட கையில தந்தன். நீங்க "ஓம்... ஓம்..." எண்டு மட்டும் சொல்லிட்டு வைச்சிட்டீங்க.

— ஓம். அந்தக் கோல் மெய்.

— அப்ப போதும். பிறகு வந்த வெள்ளியை எல்லாம் அழிச்சுப்போட்டு, மெய்யான புள்ளியை மட்டும் வைச்சுக் கேப்பம். பொய்யைக் குடுத்தா அது பொய்யைத்தான் திருப்பித் தரும்.

— கேளுங்கோ. நான் வந்த நேரம் தொடக்கம் அதைத்தான் கேக்கிறன்.

— இந்தா, இந்த வெள்ளி போச்சு. இதுவும் போச்சு. இதுவும். எல்லாம் போச்சு. கடைசிப் புள்ளி அந்தச் செவ்வாய்தான். அதில கை வைக்கேல்லை. இப்ப முதல்ல இருந்து படிக்க விடுறன்.

— எவ்வளவு நேரம் செல்லும்?

— பழைய கொம்பியூட்டர் அக்கா. கொஞ்சம் மூச்சு வாங்கும். பிளேன்டீ ஆறிப்போச்சு, குடியுங்க.

— ஆறினது நல்லது.

— வெள்ளிக்கிழமை செல்லாச்சி அக்கா வந்தா, போன் பழுது எண்டு சொல்லி நான் கடையைப் பூட்டிட்டுப் போறன்.

— ஒரு வெள்ளி பூட்டலாம். அடுத்த வெள்ளி?

— அப்ப உள்ளதைச் சொல்லிடுங்க. தைக்குப் பிறகு கோல் வரேல்லை எண்டு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லையே.

— சொன்னா அண்டைக்கே பாயில சரிஞ்சிடுவா. பிறகு எழும்ப மாட்டா. தம்பி, எங்கட ஊரில வலைச் சொந்தக்காரச் சம்மாட்டி வாக்குக் குடுத்தா அது சும்மா கதை இல்லை. தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போன ஆளை அவர்தான் திருப்பிக் கொண்டுவந்து வீட்டு வாசலில விட வேணும். ஒவ்வொரு வருசமும் முல்லைத்தீவால வந்து இறங்கினா இவர் எங்கட வீட்டுக்கு வர மாட்டார். ஒவ்வொரு வீடாப் போவார். "இந்தா உன்ர மகன்," "இந்தா உன்ர புருசன்" எண்டு கையில பிடிச்சுக் குடுத்திட்டுத்தான், கடைசியாத் தன்ர வாசலை மிதிப்பார். நான் சோத்தை வடிச்சு வைச்சிட்டுக் காத்துக்கொண்டு இருப்பன். பசிக்கும். கோவம் வரும். அந்த நாளில எனக்குக் கோவம் வந்தது.

— அப்ப இப்ப நீங்க அவர்ர வேலையைச் செய்றீங்க.

— ஆரோ ஒராள் செய்யத்தானே வேணும். கையில பிடிச்சுக் குடுக்க என்னால ஏலாது. வாயால குடுக்கிறன். சோறு தின்னுறாதானே.

— செல்லாச்சி அக்காவுக்காக மட்டும்தானா? உங்களுக்கு ஒண்டும் இல்லையா இதில?

— எனக்கும் இருக்கு. அவ வாசல் படலையில நிண்டு "வந்ததோடி?" எண்டு கேக்கேக்க, நான் "வந்தது" எண்டு சொல்ற அந்த ஒரு சொட்டு நேரம் எனக்கும் வந்த மாதிரித்தான் இருக்கும். பிறகு இல்லை.

— பொறுங்க. முடிஞ்சுது. வருது.

— என்ன சொல்லுது?

— அக்கா!

— சொல்லுங்கோ.

— இருக்கு அக்கா! நூறு இல்லை. முப்பத்தொண்டு. ஆனா இருக்கு! சின்னாச்சி வீட்டுக்கு நாலுதான் காட்டுது. சூசைப்பிள்ளைக்கு மூண்டு. உங்களுக்கு மட்டும் முப்பத்தொண்டு!

— எந்த நாள்?

— அடுத்த கிழமை சந்தை கொஞ்சம் இறங்கும் எண்டு சொல்லுது. அப்பிடியெண்டா அங்க அடி கொஞ்சம் ஓயும். திங்கள் இல்லாட்டிச் செவ்வாய். செவ்வாய்தான் கூட.

— நேரம்?

— பின்னேரம்.

— வெள்ளி?

— வெள்ளிக்குப் பூச்சியம்.

— நல்லது. செவ்வாய்க்குப் பிறகு?

— பிறகெண்டால்?

— அதுக்கடுத்த கோல் எந்த நாள் எண்டு சொல்லுது?

— கொஞ்சக் காலத்துக்கு ஒண்டும் இல்லை. பிறகு சித்திரைக்குக் கிட்ட ஒரு சனிக்கிழமை, காலமை. அவ்வளவு தூரத்துக்கு இதை நம்பேலாது அக்கா.

— சனி, காலமை. மறக்க மாட்டன்.

— முப்பத்தொண்டு எண்டா சும்மா இல்லை. இந்தச் சண்டைக்குள்ள முப்பத்தொண்டு எண்டா... எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிச் செய்யுது அக்கா. எத்தனை மாசத்துக்குப் பிறகு எனக்கு ஒண்டு தோணுது. இது சந்தோசம்தான். மெய்யாச் சொல்றன், எனக்குச் சந்தோசமா இருக்கு.

— இருக்கட்டும் தம்பி. நீங்க நல்ல மனுசன். நான் இப்பவே போய்ச் செல்லாச்சியிட்டச் சொல்றன், இந்த வெள்ளி அங்க அடி கடுமையாம், கோல் வராதாம், வந்து குந்தவேண்டாம் எண்டு. பிறகு செவ்வாய்க்கிழமை இரவுபடப் போய், பின்னேரம் எடுத்தவர் எண்டு சொல்றன். இப்பிடிக் கண்ட கண்ட நாளில வந்தா அவ எந்த நாளெண்டு பாத்து வந்து குந்துவா? உடனே நம்புவா.

— வந்தாப் பிறகு சொல்லுவம் அக்கா, இப்பவே ஏன்? செவ்வாய்க்கிழமை அவவையும் கூட்டிக்கொண்டு வாங்க. நான் அண்டைக்கு ஒரு இடமும் போகாமல் இருந்து, போனை எடுத்து உங்கட கையில தாறன். முதல்ல நீங்க கதையுங்க, பிறகு அவ தேவனோட கதைக்கட்டும்.

— வராது தம்பி.

— வரும் அக்கா! மெசினே சொல்லுது. அந்தத் தைமாசக் கோல் இருக்கிறபடியால்தான் இது இவ்வளவு திடமாச் சொல்லுது. அந்த ஒரு புள்ளி இல்லாட்டி உங்கட வரிசையிலயும் நாலுதான் இருந்திருக்கும்.

— அது இவர்ர குரல் இல்லை. இவரையும் தேவனையும் கடற்கரை மண்ணில ஒரே குழியில வைச்சு மூடிப்போட்டு, இவர்ர சேட்டுப் பொக்கட்டில கிடந்த கடதாசித் துண்டில என்ர பேரையும் உங்கட நம்பரையும் பாத்துக் கோல் எடுத்த மனுசன். அதுக்கும் நீங்க ஒரு புள்ளிதான் போட்டிருக்கிறீங்க.